தேய்ந்த கட்டை சொன்னது: ரோடு பைக்கின் பிரேக் கட்டைகளை மாற்றிய அனுபவம்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏற்காட்டிலிருந்து சேலம் அடிவாரத்துக்கு இறங்கும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழப் பாதியைக் கடந்திருந்தபோது, என் சைக்கிளின் பின் சக்கரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பது போன்ற ஓசை வரத் தொடங்கியது. பிரேக் லீவரை விட்டால் ஓசை நின்றது. பிடித்தால் மீண்டும் வந்தது. அடுத்த வளைவில் லீவர் வழக்கத்தைவிட ஆழமாக, ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போனதும், ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் உலோக வளையமான ரிம்மின் பக்கவாட்டில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. குடிநீர்ப் புட்டியிலிருந்து நாலு சொட்டுத் தெளித்ததும் அவை சுர்ரென்று ஆவியாயின.

சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2013இல் வாங்கிய ரோடு பைக், அலுமினிய ரிம், டிஸ்க் பிரேக் இல்லாமல், இரு பக்கமும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் ஷிமானோ நிறுவனத்தின் 105 வரிசையைச் சேர்ந்த 5700 பிரேக். 'பைக்' என்றவுடன் மோட்டார் வண்டியை நினைப்பவர்கள் நம்மூரில் அதிகம் என்பதால், இனிச் சைக்கிள் என்றே எழுதுகிறேன். அதேபோல, கடைகளில் பிரேக் கட்டை, பிரேக் ரப்பர், பிரேக் ஷூ என்று பல பெயர்களில் வழங்குவதை இங்கே கட்டை என்கிறேன். அதற்குள் சொருகப்படும் தேயும் பகுதியை மட்டும் ரப்பர் என்கிறேன்.

மலை இறக்கத்தில் இந்தச் சிறு ரப்பர்த் துண்டுகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நானும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ. அடிவாரம்வரை இறங்கும் உயரத்தைக் குறைத்து மதிப்பிட்டு 1,000 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், செலவழித்தாக வேண்டிய ஆற்றல் 800 கிலோஜூல் அளவுக்கு வருகிறது. 25 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்கும் வளைவுச் சாலையில் எஞ்சியது பெரும்பாலும் நான்கு ரப்பர்களின் வழியாக இரண்டு ரிம்களுக்குள் போகிறது. ஒருவர் லீவரை விடாமல் லேசாகப் பிடித்தபடியே இறங்கினால், வேகம் எழாததால் காற்று வாங்கும் பங்கு குறைந்து, ரிம்முக்குப் போகும் பங்கு கூடுகிறது. வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, நேர்ச்சாலையில் விட்டுவிடுவது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான். அன்று நான் செய்தது இதற்கு நேர்மாறானது.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைக் கழற்றி, நான்கு கட்டைகளையும் பிரித்து, எது எந்தப் பக்கம் என்று குறித்து, செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தேன். புதியது வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் பழையதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதை இந்த வேலையில்தான் கற்றுக்கொண்டேன். கட்டையின் முகத்தில் குறுக்காக வெட்டப்பட்ட பள்ளங்கள் தண்ணீரையும் தூசியையும் வெளியேற்ற உதவுகின்றன. அவை மறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளமும் அவையே. முன் கட்டைகளில் பள்ளம் இன்னும் பாதி ஆழம் இருந்தது. பின் கட்டைகளில் அது அடியோடு மறைந்திருந்தது.

பின் வலது கட்டையின் கீழ் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு உதடு நீட்டிக்கொண்டிருந்தது. கட்டை சற்றுத் தாழ்வாக நின்றதால், ரிம்மின் பிரேக் பட்டையில், அதாவது கட்டை அழுந்தும் பக்கவாட்டுப் பரப்பில், படும் பகுதி தேய்ந்து, அதற்குக் கீழே தொங்கிய பகுதி தேயாமல் அப்படியே நின்றுவிட்டது. இந்த உதடு வளர வளர ரிம்மின் கீழ் விளிம்பில் மாட்டிக்கொண்டு கட்டை முழுமையாகப் படிவதைத் தடுக்கும். இடது கட்டையோ மேல் விளிம்பில் டயரின் ஓரத்தைத் தொட்டுவிடும் உயரத்தில் நின்றிருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் நானே அளந்து பொருத்தியவை எப்படி இப்படி இடம் மாறின என்று யோசித்தபோதுதான் பிரேக்கின் அமைப்பு நினைவுக்கு வந்தது. இந்த வகையில் கட்டைகளைத் தாங்கும் பிரேக்கின் இரண்டு கைகளும் வெவ்வேறு மையங்களில் சுழல்கின்றன. ரப்பர் தேய்ந்து கைகள் மேலும் உள்ளே வரும்போது ஒரு பக்கக் கட்டை சிறிது மேலேயும் மறு பக்கக் கட்டை சிறிது கீழேயும் நகர்ந்துகொண்டே போகின்றன. பொருத்தும்போது சரியாக இருந்தது என்பதற்காக அது சரியாகவே இருக்கும் என்று நம்பியது என் பிழை. அவ்வப்போது ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் ஒரு சிறு திருத்தம் செய்திருந்தால் இந்த உதடு உருவாகியிருக்காது.

ஓசைக்கான காரணம் இடது கட்டையில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ரப்பருக்குள் அரிசி நொய் அளவில் நாலைந்து வெள்ளிப் புள்ளிகள் மின்னின. தைக்கும் ஊசியால் ஒன்றைத் தோண்டி எடுத்தேன். ரிம்மிலிருந்தே சுரண்டி எடுக்கப்பட்ட அலுமினியச் செதில். ஈரச்சாலையில் மணல் துகள் ரப்பரில் ஒட்டி ரிம்மைக் கீறுகிறது; கீறலில் எழும்பிய அலுமினியம் ரப்பருக்குள் புதைகிறது; புதைந்த அலுமினியம் மேலும் கீறுகிறது. மழையில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் கட்டையின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்து ஊசியால் சுத்தம் செய்திருந்தால் ரிம் இவ்வளவு கீறல் வாங்கியிருக்காது.

முன் கட்டைகளைவிடப் பின் கட்டைகள் இவ்வளவு விரைவில் தேய்ந்ததற்கு, முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு பின் சக்கரத்தின் மேல் விழுவது ஒரு காரணம். மற்றொரு காரணம் என் பயம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கே உண்டு. எடை குறைந்த பின் சக்கரம் எளிதில் வழுக்கும். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகீழாக விழுந்துவிடுவோம் என்று சிறுவயதில் யாரோ சொன்னது உள்ளுக்குள் தங்கி, நாற்பதைத் தாண்டியும் இறக்கத்தில் என் கை பின் பிரேக்கையே தேடியிருக்கிறது. நாலு ரப்பர்த் துண்டுகள் இதைக் காட்டிக்கொடுத்தன.

கட்டைக்கு முன் ரிம்மைச் சோதிக்க வேண்டும். ரிம் பிரேக்கில் ரிம்மும் தேயும் உறுப்பே. பிரேக் பட்டை மெலிந்துகொண்டே போய் ஒருநாள் காற்றழுத்தம் தாங்காமல் பிளந்துவிடக்கூடும். பல ரிம்களில் இதற்கென்றே சுற்றிலும் ஒரு பள்ளக்கோடோ, சிறு குழிப் புள்ளியோ வைத்திருப்பார்கள். அது தேய்ந்து மறையாமல் கண்ணுக்குத் தெரிகிறவரை கவலையில்லை. என் ரிம்மில் குழிப் புள்ளி தெரிந்தது. ஆனாலும் எஃகு ஸ்கேலின் விளிம்பைப் பட்டையின் குறுக்கே வைத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பின் ரிம்மில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. தட்டையாக இருக்க வேண்டிய பட்டை உட்குழிவாகத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கட்டைகள் தேய்ந்து முடியும்போது ரிம்மையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

இனி தேர்வு. முதலில் பார்க்க வேண்டியது ரிம் எதனால் ஆனது என்பது. கார்பன் ரிம்முக்கு அதற்கென்று செய்த கட்டையைத்தான் போட வேண்டும். சாதாரணக் கட்டை அங்கே சூடேறிப் பிசுபிசுத்துவிடும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையைக் கார்பன் ரிம்முக்கு மாற்றுவதும் கூடாது, ஏனெனில் உள்ளே புதைந்திருக்கும் செதில்கள் கார்பனை அறுத்துவிடும். இரண்டாவது, ரப்பரைத் தாங்கும் உறையான ஹோல்டரின் வடிவம். ஷிமானோ வகை ஹோல்டருக்கான ரப்பர் காம்பக்னோலோ நிறுவனத்தின் பழைய ஹோல்டருக்குள் பொருந்தாது. ஸ்ராம் நிறுவனத்தின் பிரேக்குகள் பெரும்பாலும் ஷிமானோ வடிவத்தையே ஏற்கும். மூன்றாவது, ஒரே துண்டாக வார்க்கப்பட்ட மலிவான கட்டையா, ரப்பரை மட்டும் மாற்றக்கூடிய ஹோல்டர் வகையா என்பது. ஹோல்டர் வகையை ஒருமுறை வாங்கினால், அடுத்தடுத்த முறைகளில் ரப்பரை மட்டும் மாற்றலாம். கோணத்தையும் உயரத்தையும் மீண்டும் முதலிலிருந்து அமைக்க வேண்டியதில்லை. மலை ஏறி இறங்குபவர்களுக்கு இதுவே சரி என்பேன். வார்ப்புக் கட்டை நகரத்துக்குள் பால் வாங்கப் போகும் சைக்கிளுக்குப் போதும்.

கடைசியாக, ரப்பரின் கலவை. ஷிமானோ ஆர்55சி4 என்ற கறுப்பு ரப்பர் என் பிரேக்குக்கு நேராகப் பொருந்தும். மற்றொன்று கூல் ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிற ரப்பர். அந்த மீனைப் பார்த்திராத நமக்கு அதை வெளிறிய செங்கல் நிறம் என்றால் எளிதில் புரியும். இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால்தான் அந்த நிறம். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது, அலுமினியச் செதில்களை அவ்வளவாகச் சேர்ப்பதில்லை என்று மழையில் ஓட்டுபவர்களிடையே அதற்கு நெடுநாளாக நல்ல பெயர் உண்டு. என் பிரச்சினை மழையும் செதிலும் என்பதால் நான்குக்கும் அதையே போடுவதென்று முடிவு செய்து, ஷிமானோ ஹோல்டருக்குப் பொருந்தும் டூரா 2 ரப்பர் இரண்டு ஜோடி வரவழைத்தேன்.

அந்தத் திட்டம் பாதிதான் நடந்தது. ஹோல்டருக்குள் ரப்பர் நழுவாமல் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு திருகு முன் கட்டைகளில் எளிதாகக் கழன்றது. பின் கட்டைகளிலோ வியர்வையும் மழையும் சேர்ந்து அதைத் துரு ஏற்றி வைத்திருந்தன; வலப்பக்கத் திருகு நிதானமாகத் திருகும்போதே தலை மழுங்கிப்போயிற்று. துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துப் பார்க்கும் சபலம் வந்தது. பிரேக் ரப்பரின் பக்கத்தில் எண்ணெயைக் கொண்டுவருவது தற்கொலைக்குச் சமம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன். மறுநாள் சேலத்தில் வழக்கமாகப் போகும் கடையில் கேட்டபோது, “ரப்பர் மட்டும் போதுமா, ஹோல்டரோட செட்டா வேணுமா தம்பி?” என்றார் கடைக்காரர். ஹோல்டருடன் கூடிய ஷிமானோ செட்டாகவே வாங்கிக்கொண்டேன். அதில் கறுப்பு ரப்பர் ஏற்கெனவே ஏற்றியிருந்தது. ஆக முன்னால் செங்கல் நிறம், பின்னால் கறுப்பு என்று அமைந்தது. நிறுத்தும் வலிமை முன்னால்தான் வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு பரவாயில்லை என்று தோன்றியது.

வேலையைத் தொடங்குமுன், செல்போன் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்து இரண்டு ரிம்களின் பட்டைகளையும் துடைத்தேன். மூன்று துணிகள் கறுத்த பிறகு நான்காவது துணி வெள்ளையாக வந்தது.

முன் கட்டையில் ரப்பரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. திருகைத் தளர்த்தி, தட்டைத் திருப்புளியால் பழைய ரப்பரைப் பின்புறமாகத் தள்ளினால் வந்துவிடுகிறது. இங்கே திசைதான் உயிர். ஹோல்டரின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். சக்கரத்தின் உச்சியில் ரிம் முன்னோக்கி ஓடுவதால், பிரேக் பிடிக்கும்போது ரப்பரையும் அது முன்னோக்கியே இழுக்கிறது. எனவே மூடிய முனை சைக்கிளின் முன்பக்கம் நோக்கியும் திறந்த முனை பின்பக்கம் நோக்கியும் இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இதே விதிதான். இடம் வலம் மாற்றி மாட்டினால் ரப்பரைத் தடுத்து நிறுத்த அந்தச் சிறு திருகைத் தவிர எதுவும் இருக்காது. இறக்கத்தில் ஒரு நல்ல பிடிக்கே ரப்பர் வெளியே பறந்துவிடக்கூடும். பொருத்திய பிறகும் சைக்கிளின் மேல் உட்கார்ந்து ஒருமுறை கீழே குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டேன். புதிய ரப்பர் இறுக்கமாக இருந்தது. சோப்போ எண்ணெயோ தடவாமல் வெறும் தண்ணீரில் நனைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன், பாதியில் நின்றது, மீண்டும் நனைத்து அழுத்தியபோது 'டக்'கென்று உள்ளே உட்கார்ந்தது. திருகுக்கான பள்ளம் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்கினேன்.

பின் கட்டைகளை முழுதாக மாற்றியதால் கோணங்கள் அனைத்தையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது, மாலை முழுவதையும் தின்றது இதுதான். கட்டையின் பின்புறம் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் குழிவும் குவிவுமான வாஷர்கள் உண்டு. அவை இருப்பதால் கட்டையை எந்தப் பக்கமும் சிறிது சாய்க்கலாம். சக்கரத்தை மாட்டி, சக்கரத்தைக் கழற்றுவதற்காகப் பிரேக்கை விரித்துவிடும், பக்கத்திலிருக்கும் சிறு நெம்புகோலை மூடிய நிலையில் வைத்து, கட்டையைக் கையால் நகர்த்த முடியும் அளவுக்கு மட்டும் 4 மி.மீ. ஆலன் கீயால் இறுக்கினேன். கட்டையின் மேல் விளிம்பு ரிம்மின் மேல் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். கட்டையின் வளைவு ரிம்மின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். பின்முனை ரிம்மிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி, முன்முனை முதலில் தொட வேண்டும். இந்தக் கடைசிச் சாய்வு பெரும்பாலும் கிறீச்சிடலைத் தவிர்ப்பதற்காக. ஒரு விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துக் கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே செருகி, லீவரைப் பழைய டியூப்பிலிருந்து வெட்டிய பட்டையால் ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிவிட்டால், இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன.

திருகை முழுதாக இறுக்கும்போது கட்டையும் அதனோடு சேர்ந்து சில டிகிரி சுழன்றுவிடுகிறது. முதல் முறை கவனிக்காமல் இறுக்கி முடித்துப் பார்த்தால், முன்முனை டயரை நோக்கி நிமிர்ந்து நின்றது. இரண்டாம் முறை இடக்கை விரல்களால் கட்டையை அழுந்தப் பற்றிக்கொண்டு இறுக்கினேன். ஷிமானோ சொல்லும் இறுக்க அளவு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை 6இல் வைத்தேன். கை அனுபவமே போதும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. என் கை பின் பிரேக்கைப் பற்றி இத்தனை ஆண்டு என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்த பிறகு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

புதிய ரப்பர் தடிமனாக இருப்பதால் பழைய கேபிள் அமைப்பில் சக்கரம் சுழலவே இல்லை. பழைய கட்டை தேயத் தேய நான் வெளியே திருகிக்கொண்டே வந்த, கேபிளின் இழுவையைச் சரிசெய்யும் பேரல் அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகினேன், அப்போதும் போதவில்லை. கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி இரண்டு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்து, 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் என்ற அளவுக்குள் மீண்டும் இறுக்கினேன். இரு பக்க இடைவெளியும் சேர்த்து 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும்படி அமைத்து, ஒரு பக்கம் கூடுதலாக நெருங்கியிருந்ததை மையப்படுத்தும் சிறு திருகால் சரிசெய்தேன். பிறகு லீவரை முழு வலிமையோடு பத்து முறை பிடித்து விட்டேன். கேபிள் நழுவுவதாக இருந்தால் அது வீட்டு முற்றத்திலேயே நழுவட்டும்.

புதிய கட்டையோடு நேராக மலைக்குப் போகக்கூடாது. ரப்பரின் முகம் ரிம்மோடு பழக வேண்டும். காலையில் போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவருவதை இருபது முறை செய்தேன். முதல் ஐந்தாறு பிடிகளில் சைக்கிள் ஏதோ பஞ்சு மூட்டையில் மோதுவதுபோல் மெத்தென்று நின்றது. பன்னிரண்டாவது பிடிக்குமேல் வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. பின் பிரேக் மட்டும் வேகம் குறைந்து நிற்கப்போகும் தறுவாயில் கோழி கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது கட்டையின் பின்முனைதான் முதலில் தொடுகிறது. இறுக்கும்போது வாஷர் நழுவியிருக்கிறது. மீண்டும் விசிட்டிங் கார்டு, மீண்டும் டியூப் பட்டை. சத்தம் போயிற்று.

அடுத்த வாரம் வேண்டுமென்றே தூறலில் ஏற்காடு போனேன். நனைந்த ரிம்மில் எந்த ரப்பரும் பிடித்த உடனே நிறுத்தாது. சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றி, தண்ணீர் வழித்தெறியப்பட்ட பிறகே பிடிப்பு வருகிறது. புதிய கட்டையிலும் அந்தக் கணத் தாமதம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பிடிப்பு, முன்பு போலத் திடீரென்று வராமல் சீராக ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், கையை வலிந்து கட்டாயப்படுத்தி, முன் பிரேக்கை முதன்மையாகப் பிடித்து, வளைவுக்குள் நுழையுமுன் விட்டுவிட்டு இறங்கினேன். பாதி இறக்கத்துக்குமேல் கட்டாயம் தேவைப்படவில்லை. தகர ஓசை வரவில்லை.

வீட்டில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துக் குழாய்த் தண்ணீரை விட்டேன். பின் ரிம்மிலிருந்து வழக்கமான கறுப்புச் சேறு வழிந்தது. முன் ரிம்மிலிருந்து வழிந்ததில் செங்கல் தூளின் சாயல் கலந்திருந்தது. கட்டைகளின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்ததில் பின் வலது கட்டையில் மட்டும் ஒரே ஒரு மணல் துகள் இருந்தது. ஊசியால் எடுத்துவிட்டு, ஊசியை அதற்கென்று சைக்கிள் பையிலேயே குத்தி வைத்திருக்கிறேன்.